தேதியைத் திருத்தாதே

அஜ்மான் சனாயாவில், டயர் கடைக்குப் பின்னால்,
அபாயாவுக்குப் பூத்தையல் போடும் இடம்.
இருபது தலை எந்திரம் மூன்று நாளாய்ச் சும்மா நிற்கிறது.
அதற்குப் பூ சொல்லித்தரும் கணினி
ஜும்மா தொழுதுவிட்டு வருவதற்குள் புகைந்துவிட்டதாம்.
ஷம்ஷேர் கைவிரித்தார்.
மூடியைக் கழற்றினேன்: பிடி மணல், கறுப்பு நூல்,
ஒரு பல்லியின் முழு எலும்பு.

வன்தட்டுக்கு மட்டும் உயிர் இருந்தது.
அப்படியே உறிஞ்சி, கொண்டுபோன புதுப் பெட்டிக்குள் ஏற்றினேன்.
ஜன்னலுக்குள் இன்னொரு ஜன்னல் திறந்தது,
சாம்பல் நிறத்தில், கட்டை எழுத்தில்.
நினைவகத்தை எண்ணிப் பார்த்தது: அறுபத்துநான்கு.
ஆமாம், அவ்வளவுதான் என்றேன்.
பிளாப்பி எங்கே என்றது. இல்லாத பிளாப்பியை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டது.
தேதி என்ன என்றது.
அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்;
உரிமம் முடிந்தது என்று வாயைப் பூட்டிக்கொண்டது.
சரி தாயே, 1998, மார்ச்.
பூக்கள் வரிசையாய் எழுந்து வந்தன.

ஆனால் என்ன ஓட்டம்!
செயலியின் துடிப்பை எண்ணித்தான் அதற்குக் காலம் தெரியும்.
இங்கே துடிப்பு எத்தனையோ மடங்கு.
ஏழாவது தலையில் ஊசி ஒடிந்து
ஷம்ஷேரின் காதோரம் பறந்தது.
நூறில் மூன்று பங்குதான் உனக்கு என்று கட்டிப்போட்டேன்.
பழைய நடைக்கு வந்தது.

எங்கள் தொழிலில் இப்படிக் குடிவைத்ததை விருந்தாளி என்போம்.
கொடுத்த அறைக்குள், வீடே தனதென்று இருக்கும்.
சுவருக்கு அப்பால் யாரென்று தெரியாது.
என் விசாவில் உள்ள கஃபீலைப்
பதினோரு வருடத்தில் நானும் பார்த்ததில்லை.
கையெழுத்து தெரியும்.

சோதனைக்கு ஆகச் சிறிய கோப்பைத் தேடி
ஓடவிட்டேன்.
கறுப்புத் துணியில் வெள்ளி நூல் வளைந்து வளைந்து
பூவாகாமல் எழுத்தாயிற்று:
மணிமொழிக்கு இன்னைக்கு மூணு வயசு.

அந்த நிரலுக்குத் தமிழ் தெரியாது.
யாரோ புள்ளி புள்ளியாய்க் குத்தியிருக்கிறார்,
இரவு ஷிப்டில், முதலாளி பார்க்காத நேரத்தில்.
'ழி' மட்டும் பலதடவை பிரித்துப் போட்டதுபோல் தடித்திருந்தது.
மலையாளமா என்றார் ஷம்ஷேர். இல்லை என்றேன்.
அவர் வந்தே இருபத்திரண்டு வருடம்.
தனக்கு முன்னால் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

காசை எண்ணி வாங்கினேன்.
திரையோரம் டேப் ஒட்டி, அவரை விட்டே உருதுவில் எழுதவைத்தேன்:
தேதியைத் திருத்தாதே.
எண்ணெய் துடைக்க ஆகுமென்று
துணியைத் துண்டு துண்டாய் நறுக்கினார்.
பத்தொன்பது மணிமொழி.
ஊசியில்லாத ஏழாவது, வெறும் கறுப்பு.
அதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.