கண்ணாடியில் நான்கு மான்கள்

கடையில் வாங்கிய மவுண்டை
மூன்று முறை கிழித்துவிட்டது
தௌனோவின் டீசல் எஞ்சின்.
நான்காவதை அவனே செய்தான்.

பத்து மில்லி தகடு.
வெல்டிங் வெளிச்சத்தில்
கராஜ் சன்னலின் பனி
நீலமாகி நீலமாகி அணைந்தது.
ரப்பருக்குப் பதில் யூரித்தேன்,
வார்த்தது மத்திமீன் டப்பாவில்.
அடியில் இன்னும் தெரிகிறது
இடவலம் மாறிய கம்பெனிப் பெயர்.

சாவியைத் திருப்பினோம்.
எஞ்சின் அசையவே இல்லை.
மற்றதெல்லாம் அசைந்தது:
ஸ்டியரிங், என் கடைவாய்ப் பல்,
பின்னால் சாலை கடந்த ஒற்றைக் கலைமான்
கண்ணாடியில் நான்காக.

"பிடி இறுகிப்போச்சு."
கழற்றி, டிரில்லால் எட்டு ஓட்டை போட்டான்.

இன்று மைனஸ் இருபத்தாறு.
கெமியார்வி சாலையில் மான் இரண்டுதான்.
"இன்னும் ஒரே ஒரு ஓட்டை" என்கிறான்.
பல்லைக் கடித்துக்கொண்டு
எண்ணிச் சொல்கிறேன்.