அரைச் சுற்று

விவாகரத்தாகி இரண்டு வருடம்.
பாத்திரங்களைப் பிரித்தாயிற்று. நாய் அவன் தங்கையிடம்.
இந்த டிரெய்லர் மட்டும் பொதுவில் நிற்கிறது.
பாதி எனக்கு, பாதி வெண்டெலுக்கு.
எந்தப் பாதி என்று நீதிபதி சொல்லவில்லை.

பீட் கிழங்கு அறுவடைக்கு ஆள் எடுக்கிறார்களென்று
வடக்கு டகோட்டாவுக்கு இழுத்து வந்தோம்.
எனக்குப் பகல் வேலை, அவனுக்கு இரவு,
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாம்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.
சேற்றில் லாரி இறங்காது. வேலை இல்லை, கூலியும் இல்லை.
இருபத்திரண்டு அடிக்குள் இரண்டு பேர்.

அவன் காலுறை மாட்டினால் என் காப்பி தளும்பும்.
நான் புரண்டால் அவன் தலைமாட்டில் அலமாரி திறந்துகொள்ளும்.
இருமல், கோபம், நடுநிசியில் தண்ணீருக்கு எழுவது,
நான்கு சக்கரத்தின் மேல் எதையும் ஒளிக்க முடியாது.
சமவெளிக் காற்று வேறு, விடிய விடிய
தோளால் இடித்துப் பார்த்தது.

"புதுசா வாங்கினா இருநூறு டாலர்" என்றான்.
"உன் இருநூறா, என் இருநூறா?" என்றேன்.

ஹால்வர்சனின் பழைய இரும்புக் கடையில்
துருவேறிய கத்தரி ஜாக்கி இரண்டு, பதினாறு டாலர்.
மரை போட்ட கம்பியும் நான்கு நட்டும், மூன்று.
கிழங்குக் குவியலோரம் எறிந்து கிடந்த
பலகைத் துண்டுகளுக்கு யாரும் காசு கேட்கவில்லை.
ரசமட்டம் கிடையாது.
தரையில் வைத்த சூப் கிண்ணத்தைப் பார்த்தபடி
"உன் பக்கம், இன்னும் உன் பக்கம்" என்று
ஜன்னல் வழியே கத்தினேன்.
தாழ்ந்த சக்கரங்களின் கீழ் பலகை.
உருளாமல் முன்னும் பின்னும் கட்டை.
இரண்டு சக்கரத்துக்கும் நடுவே மரத்துண்டுகளைக் கொடுத்து
நட்டைத் திருகத் திருக
அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி
ரப்பரில் பதிந்து நின்றன.
பிறகுதான் மூலைகள்.
"தூக்கிடாதே" என்றான் சேற்றிலிருந்து.
"இந்தக் கால் பாரம் சுமக்க இல்லை. தொடணும்,
கொஞ்சம் அழுத்தணும், அவ்வளவுதான்.
மிஞ்சினா சட்டம் முறுக்கிக்கும், கதவு சாத்தாது."
பதினோரு வருடக் குடித்தனத்தில்
எதையும் இவ்வளவு தெளிவாக அவன் எனக்குச் சொன்னதில்லை.

அன்று ராத்திரி காப்பி தளும்பவில்லை.
காற்று இடித்தது. டிரெய்லர் சட்டை செய்யவில்லை.
விளக்கணைத்த பின்
மறுகோடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை.
தூங்குகிறானா, விழித்துக் கிடக்கிறானா,
நேற்றுவரை என் முதுகெலும்பு சொல்லிவிடும்.
நிம்மதி என்று நினைத்தேன்.
ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று.
எழுந்து நடந்து பார்த்தேன்,
வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி.
அந்தப் பக்கம் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

மழை ஓய்ந்த இடைவெளியில்
ரப்பர் பூட்ஸ், டார்ச்.
என் பக்கத்து மூலையில் கைப்பிடியைச் செருகி
அரைச் சுற்று தளர்த்தினேன்.
அரைதான்.

காலையில் அவன் அடுப்பை நோக்கி நடந்தபோது
காப்பியின் மேல் ஒரேயொரு வளையம் ஓடி
விளிம்பில் நின்றது.
கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"மண் ஊறி இறங்கியிருக்கும். இறுக்கட்டுமா?"
"மழை நிக்கட்டும்" என்றேன்.

மொத்தம் பத்தொன்பது டாலர்.
ஒன்பதரை அவன் தர வேண்டும்.
இன்னும் கேட்கவில்லை.