பாலிஷ் பக்கம்

பர்கூர்ச் சாலை கிரானைட் பட்டறையில்
மூலை உடைந்த பலகைகளைச் சும்மாவே தருவார்கள்.
ஏற்றிவர டெம்போவுக்குத்தான் எழுநூறு.
கறுப்புக் கல். ஒரு முகம் சொரசொரப்பு,
ஒரு முகம் தண்ணீர்.

நான்கு அறை. ஆறுக்குப் பத்து.
அறைக்கு ஒரு சேவல், எட்டுப் பெட்டை.
வலையை அடிவரை இறக்காதே என்றேன்.
சேவலும் சேவலும் கம்பி வழியே பார்த்துக்கொண்டால்
தின்னாது, மிதிக்காது,
கொண்டை கிழிய நின்றே சாகும்.
இரண்டடிக்குக் கல், அதற்குமேல் வலை.
நடுத்தடுப்புக்கு இரண்டிரண்டு பலகை, முதுகோடு முதுகு.
திம்மராயன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இவன் வீட்டை அவன் எட்டிப் பாக்கக்கூடாது, அதானக்கா?"
அதேதான்.

கீரிக்காக ஒரு முழம் தோண்டிச் சல்லி கொட்டினோம்.
தோண்டிய இடமெல்லாம் பாறை.
எங்கள் பக்கம் மண் என்பது
பாறைமேல் போர்த்திய துப்பட்டி.

பளபளப்பு உள்பக்கம் வரட்டும்,
எச்சம் ஒட்டாது, கழுவ லேசு என்றது நான்தான்.

மூன்றாம் அறையில் செவலையை விட்டேன்.
இறக்கையை உதறிற்று. பெட்டைகளைப் பார்த்தது.
பிறகு கல்லைப் பார்த்தது.
கல்லுக்குள் நின்றவனும் பிடரி சிலிர்த்தான்.
இவன் குதிக்கும்போதெல்லாம் அவனும் குதித்தான்,
ஒரு நொடி முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.
மதியத்துக்குள் அவன் அலகிலும் ரத்தம்.
எட்டுப் பெட்டையும் திரும்பிக்கூடப் பார்க்காமல்
கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தன.

"மறுபடி கழட்டி மாட்டணும்னா
ஆயிரத்து இருநூறு ஆவும்க்கா" என்றான் திம்மராயன்.
சிரிக்காமல்தான் சொன்னான்.

இப்போது தடுப்புக்குள் பளபளப்பும் பளபளப்பும்
ஒன்றையொன்று பார்த்தபடி இருட்டில் கிடக்கின்றன.
வெளிச்சுவர்கள் தோட்டத்தைப் பார்க்கின்றன.
செவலைக்கு மஞ்சள் போட்டேன்.
அது சொரசொரப்பில் அலகைத் தேய்த்துக்கொண்டது.

அடுத்தது காத்திருப்பு.
மாந்தோப்பில் எவனெவனோடோ திரிந்த பெட்டைகள்.
பழையவனை மூன்று வாரம் வரை
வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும்.
அதுவரை இடுவது குழம்புக்கு, இன்குபேட்டருக்கு அல்ல.
காலில் பச்சை வளையம், சிவப்பு வளையம்.
நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு
யாருக்கு யார் என்று எழுதினேன்.
எழுத எழுத ஒரு மாதிரி இருந்தது.

போன ஆனியில் கோமளா ஓசூரில்
பதிவுக் கல்யாணம் செய்துகொண்டபோது
ரத்தம் ரத்தம் என்று வாசலில் நின்று கத்திய கொழுந்தனார்
நேற்று வந்து அறைகளைச் சுற்றிப் பார்த்தார்.
கலப்பில்லாத சிறுவிடைதானே, பத்துக் குஞ்சு
எனக்கு எடுத்து வையுங்கள் என்றார்.
அன்றைக்கு நானும் கதவைத் திறக்கவில்லை.
உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்,
களைந்த அரிசியையே.
முன்பணம் ஐந்நூறை வாங்கிக்கொண்டேன்.

இன்று இருபத்திரண்டு.
மூன்றாம் அறையில் ஒன்று, இன்னும் சூடு ஆறவில்லை.
பென்சிலால் மூன்று என்று எழுதித் தேதி போட்டேன்.
ஓட்டின்மேல் அழுத்தி எழுத வராது.
கோமளாவிடமிருந்து காலையில் ஒரு மிஸ்டு கால்.
கை கழுவிவிட்டுப் பேசவேண்டும்.

வெளியே வந்தால்
எந்த நோட்டிலும் இல்லாத தோப்புச் சேவல்
கல்லின் முன்னால் நிற்கிறது.
கழுத்தைச் சாய்த்தது. உள்ளிருந்தவனும் சாய்த்தான்.
இன்னும் கொஞ்சம் கிட்டப் போனது.
நான் துடைப்பத்தைத் தேடுவதற்குள்
காலால் இரண்டு தடவை மண்ணைக் கிளறி,
கிடைத்த கரையானைத் தின்றுவிட்டு
மாமரத்துப் பக்கம் நடந்தது.