மருந்துக் கொம்பு

டண்டி ஊருக்கு வெளியே, நிலக்கரிச் சாம்பல் மேட்டுக்கு இந்தப் புறம்,
முன்வாய்த் துப்பாக்கிக்காரர்கள் கூடும் சனிக்கிழமை.
மடக்கு மேசைமேல் ஹெட்டி ஃபூரி
கணவரின் சாமான்களைப் பரப்பியிருக்கிறாள்:
பை மூன்று, கொம்பு இரண்டு,
ஈயக்குண்டு நிரம்பிய ஒரு ஜாம் புட்டி.
பதினோரு வருடம் என் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவள்.
இன்று அந்தப் பக்கம் நான்.

"பார்மசிக்காரி, உனக்கு என்ன தரட்டும்?"
"மருந்து வைக்க ஒரு கொம்பு."
தமிழில் சொல்ல முடிந்திருந்தால்
என் சிரிப்பில் பாதி அவளுக்கும் கிடைத்திருக்கும்.
ஆங்கிலத்தில் அது வெறும் தூள்.

இருமலுக்குக் கொடுப்பதும் மருந்து
இரும்புக்குக் கொடுப்பதும் மருந்து
எடைகூட ஒன்றுதான், கிரெய்ன்.
என் துப்பாக்கிக்கு எழுபது கிரெய்ன், ஒரு வேளை.
இரண்டாவது வேளைக்கு
மான் காத்திருக்காது.

முதல் கொம்பு அழகு.
மாட்டுவண்டி, மலை, மலைமேல் பாதிச் சூரியன்
ஊசியால் கீறி மை தேய்த்திருக்கிறார்கள்.
வெயிலுக்கு நேரே பிடித்தேன். இருட்டு.
உள்ளே எவ்வளவு மீதம் என்று சொல்லாத குப்பியை
நான் யாருக்கும் விற்றதில்லை.

மற்றது ஜூலுக்காரர்கள் வளர்க்கும் புள்ளி எருதுடையது.
பால்வெள்ளை, நுனி மட்டும் கறுப்பு.
கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி
நகம் போல மெலிந்த சுவர்.
தூக்கிப் பிடித்தால் அடியில் தங்கிய கரிமருந்து
நிழலாக நகர்கிறது.
அடிப்பலகைச் சந்தில் நகத்தை ஓட்டினேன்,
எங்கும் தடுக்கவில்லை.
அடைப்பான் மட்டும்,
அது ஒலிவ மரம், சுற்றிலும் பல்தடம்.
இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்க
வாயால் திறந்து திறந்து பழகியது.
முன்பல். ஒன்று சற்றுக் கோணல்.

பைகளில் ஒன்று மெத்தென்ற மான்தோல், மழையில் ஊறும்.
ஒன்றில் ஏழு அறை. சரியான அறையைத் தேடுவதற்குள்
மந்தை பிகார்ஸ்பெர்க்கைத் தாண்டிவிடும்.
மூன்றாவது பசுத்தோல், ஒரு கை நுழையும் அகலம்,
குண்டும் துணிவட்டமும் கைக்கே தெரியும்,
கண் புல்வெளியில் இருக்கலாம்.
ஆனால் மூடி வலக்கைக்காரனுக்குத் தைத்தது.
நான் மாத்திரை எண்ணுவதும் விசை இழுப்பதும் இடக்கையால்.
பிரித்து மறுபக்கம் தைக்கலாம்.
பழைய ஊசித்துளை தெரியும்.
தெரியட்டும்.

சொன்ன விலையைக் கொடுத்தேன்.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கவில்லை.
கோர்னே ஃபூரியின் சீட்டு மாதாமாதம் நிரம்புவது என் கையால்தான்.
எந்த மாத்திரை எந்த நடுக்கத்துக்கு,
போன ஆகஸ்டில் அளவு எவ்வளவு கூடியது,
எல்லாம் தெரியும்.
கடையில் தெரிந்ததைச் சந்தையில் தெரியாமல் இருக்க வேண்டும்.

அவர் பக்கி வண்டிக்குள் இருக்கிறார். இறங்கவில்லை.
வாரை மாட்டிப் பார்க்கிறேன்:
பை இடது முழங்கைக்குக் கீழே,
கொம்பு அதன்மேல், வளைவு விலாவோடு ஒட்டி.
கண்ணாடியைத் தட்டும் சத்தம்.
இல்லை இல்லை என்று தலையாட்டுகிறார்,
தன் வலது விலாவைத் தொட்டுக் காட்டுகிறார்.

இடக்கையைத் தூக்கி
காற்றில் ஒரு விசையை இழுத்தேன்.

பார்த்தார்.
அந்தக் கோணல் பல் தெரிந்தது.
கையை இறக்கும்போது எதிலோ பட்டு
வைப்பர் ஓடத் தொடங்கியது.
ஜூன் மாதம், மழை மருந்துக்கும் இல்லை.
புழுதியில் அரைவட்டம், மேலே இன்னொரு அரைவட்டம்,
பணத்தை எண்ணிக்கொண்டிருந்த ஹெட்டி
பாதியில் விட்டு ஓடி நிறுத்தினாள்.
அதுவரை இருவரும்
வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் தங்கை,
எது கொண்டுவந்தாலும் புரட்டாசிக்குள் ஃப்ரீசர் காலியாக வேண்டும் என்கிறாள்.
பையின் மூடியை மாற்றித் தைத்தாயிற்று.
அடைப்பானைப் புதிதாகச் செதுக்க வேண்டும்,
பிறர் வாய் பட்டது, சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறது,
நானே பத்துப் பேருக்குச் சொல்கிறவள்.

இன்னும் செதுக்கவில்லை.