ட்ஸ்

லாங்னவ் முதியோர் இல்லத்தில்
பெண்களின் பெயருக்கு முன்னால்
நெருப்புக்குச்சி உரசுவதுபோல் ஒரு சத்தம்:
ட்ஸ் ஹெடி. ட்ஸ் மார்த்தா.
ஆணுமில்லை, பெண்ணுமில்லை, அஃறிணை.
கிழவர்கள் மட்டும் கடைசிவரை ஆண்பால்.

எனக்கு வகுப்பில் படித்த 'டி'.
எங்கள் நாக்கில் 'டி' என்றால் தோளில் கை போடுவது,
இங்கே கதவைப் பாதி திறந்து பேசுவது.
மூன்று பனிக்காலம்
'டி தவமலர்' என்றே நின்றேன்,
யாரும் எடுக்காத விருந்தாளியின் குடை.

போன மாசி, இரவு வேலை மாறும் நேரம்
சுவருக்கு அந்தப் பக்கம் உர்சுலா:
'ட்ஸ் தவா வந்திட்டுது, கோப்பி போடு.'

திணைவழு.
பத்தாம் வகுப்பில் இதற்குச் சிவப்பு மை.
இங்கே கோப்பி, இரண்டு சீனிக்கட்டியோடு.
சப்பாத்து மாற்றியபடி சிரித்தேன்;
என்ர மனிசனும் போனில் ஆருக்கோ சொல்லுவார்,
'அது இன்னும் வேலையால வரேல்லை.'
அதில் சீனி இருந்ததா என்று
இதுவரை ருசித்துப் பார்க்கவில்லை.

வெள்ளி விடிய ஹெடி போனா.
படிவத்தில் அச்சாகி வந்தது 'டி':
காலமான பெண், வயது தொண்ணூற்றொன்று.
எங்கட ஆக்கள் நேரெதிர்.
மூச்சு நின்ற கையோடு
'அதை எப்ப எடுக்கிறது?' என்பார்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணி கொண்டு வந்தேன்.
துணியைப் பிழிந்தபடி உர்சுலா கேட்டாள்,
தமிழில் என்ன முணுமுணுக்கிறாய்?

ஒன்றுமில்லை.
அவவுக்குக் கால் குளிருது,
முதலில் காலைத் துடைப்பம்.