ஒற்றையா, இரட்டையா

பெட்டியைப் பிரித்தபோது
ஓர்த்தா துறைமுகத்தில் மழை.
ஐந்து வன்தட்டுகள்.
"எல்லாம் ஒரே கடையிலா?" என்று
முகம் சுளித்தான் எதுவீனோ.
ஒரே தொகுப்பில் பிறந்தவை
ஒரே வாரத்தில் சாகுமாம்.
வரிசை எண்களைப் பார்த்தோம்:
மூன்று உடன்பிறப்புகள், இரண்டு அந்நியர்கள்.
போதாதுதான். அடுத்த சரக்குக் கப்பல் செவ்வாய்க்கிழமை.

கடலடி ஒலிவாங்கிகள் கேட்டுவைத்த
ஒரு வருடத்து எண்ணெய்த் திமிங்கிலங்களை
ஒரு தட்டிலிருந்து படித்தால் இரண்டு நாள்.
நறுக்கி ஐந்திலும் பரப்பினால் அரை நாள்.
ஒவ்வொரு வரிசையிலும் நான்கு துண்டு ஒலி,
ஐந்தாம் இடத்தில் வெறும் கணக்கு:
நான்கையும் கூட்டினால் ஒற்றையா, இரட்டையா.
அவ்வளவே.
அந்தக் கணக்கு எந்தத் திமிங்கிலத்தையும் கேட்டதில்லை.
ஆனால் ஒருவர் காணாமல் போனால்
மிச்சமிருப்பவர்களை விசாரித்து
அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடும்.

பிப்ரவரி முதல் வாரம்
மூன்றாம் தட்டு சொடுக்கத் தொடங்கியது.
டக். டக். இடைவெளி. டக்.
நான் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே
'இளம் ஆண் ஒன்று, தெற்கே' என்று
குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

புதியதைச் செருகினோம்.
பத்தொன்பது மணி நேரம்
மற்ற நான்கும் மூச்சிரைக்கப் படித்தன.
இடையில் இன்னொன்று போனால் அத்தனையும் போச்சு.
எதுவீனோ இருமுவதற்குக்கூட வெளியே போனான்.
விடியலில் பச்சை விளக்கு.

அந்த மகிழ்ச்சியிலோ தூக்கக் கலக்கத்திலோ
நானே அழித்தேன் ஜனவரியை.
சரியான கட்டளை, தவறான கோப்புறை.
ஐந்து தட்டுகளும் ஒருமனதாய்
இம்மி பிசகாமல்
என் பிழையைக் காத்து நின்றன.

எதுவீனோ திட்டவில்லை.
ஜன்னலைப் பார்த்தான்.
நீர்ப்பரப்புக்கு அப்பால் பீக்கோ மலை,
பாதி மேகத்துக்குள்.
அங்கே மதலேனாவில்
என் நாத்தனார் சுல்மீராவின் ரொட்டிக்கடையில்
மாவு மூட்டைகளுக்கு மேலே ஒரு பலகை.
அதில் பிஸ்கட் டப்பாவுக்குள் ஆறாவது தட்டு.
எந்த வரிசையிலும் சேராதது,
மின்சாரம் இல்லாமல் தூங்குவது.
வெள்ளிதோறும் படகேறி வந்து
எங்களிடம் இருப்பதை வாங்கிக்கொண்டு திரும்பும்,
கடல் விட்டால்.

இந்த வெள்ளி படகு இல்லை.
போன வெள்ளியும் இல்லை.
அதற்கு முந்தைய வெள்ளி...

நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி
மேசையில் வைத்தேன்.