அடிக்குப் பதினெட்டு ரூபாய்

தூவானத் தகடு முப்பத்தாறு அடி.
ஆறு துண்டு, அரை மில்லி ஜிஐ,
ஓரத்தில் ஒரு சுருட்டு,
நடுவே இரண்டு வரி பீடிங்.
நான் கணக்கை வாசித்து முடிக்குமுன்
சவரிநாதன் முசியே கண்ணாடியைக் கழற்றினார்.
"அழகுக்குத்தானே அந்த வரி?
அழகுக்கெல்லாம் சொல்தா பென்ஷன் தாங்காது."

தாங்கும். எனக்குத் தெரியும்.
வாசல் வளைவின் சுண்ணாம்புப் பூவுக்கு
விழுப்புரத்திலிருந்து ஆள் கூட்டி வந்தவர்.
பேரம் பேசிப் பேசிக்
கடைசித் துண்டை மட்டும்
வரியில்லாமல் தருவதாக முடிந்தது.
கடல் பக்கம், யாரும் பார்க்காத பக்கம்.
நூற்றெட்டு ரூபாய் மிச்சம் அவருக்கு.

முதலியார்பேட்டைக் கொட்டகையில்
பாவாடை கைப்பிடியைச் சுற்ற
நான் தகட்டை ஏந்திக் கொடுத்தேன்.
மேல் உருளையில் மேடு, கீழ் உருளையில் பள்ளம்.
உள்ளே போகுமுன்
முனையைத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கும்.
வெளியே வந்த பிறகு
அதே தகடு, அதே எடை,
இந்த முனையைத் தூக்கினால்
அந்த முனையும் எழுந்து நிற்கும்.
எத்தனை வருஷம் பார்த்தாலும்
அந்த இடத்தில் ஒரு நொடி
கையை எடுக்க மறந்துபோகிறேன்.
ஆள்காட்டி விரலில் நகம் இல்லாதது அதனால்தான்.

கார்த்திகையில் வாடை இறங்கியது.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன்.
அவர் பேசவில்லை,
ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருப்பார் போல.
டபக். டபக். டப்டபக்.
வைத்திக்குப்பத்துக் கடல் பின்னால் இரைய
ஆறடித் தகடு
வயிற்றை எக்குவதும் தள்ளுவதுமாகத்
தப்படித்துக்கொண்டிருந்தது.
பிறகு அவர் குரல்: "கேக்குதா?"
கேட்டது.

காலையில் ஏணி.
கழற்றும்போதும் அது
ஒருதரம் அடித்துக் காட்டியது.
பாவாடை மகளுக்குக் காய்ச்சல், அவன் தூங்கியிருக்கவில்லை.
சுற்று ஒருமுறை தடுமாற
மூன்றாவது அடியில் வரி
ஒரு விரற்கடை விலகிப் போய்
திரும்பி வந்து சேர்ந்தது.
போட்ட வரியை அழிக்க முடியாது.
மாட்டினோம்.

அன்று இரவும் காற்று. போன் வரவில்லை.
நான்தான் விழித்துக் கிடந்தேன்.

ஞாயிறு, பூசை முடிந்த வேட்டியோடு
நூற்றெட்டை எண்ணிக் கொடுத்தார்.
கடல் பக்கம் கூட்டிப்போய்
அண்ணாந்து அந்த விலகலைக் காட்டினார்.
"இந்தத் துண்டுதான்யா லட்சணமா இருக்கு.
அது என்ன, கொடி வேலையா?"

பாவாடை என்னைப் பார்த்தான்.
'பீடிங், ஆறடி' என்று மட்டும்
பில்லில் எழுதினேன்.
கொடிக்குக் காசு வாங்கவில்லை.